சங்கச் சுற்றுலாவும் நமது சுற்றுப்புறமும்

கூட்டுறவுச் சங்கங்களின் புத்தகங்களைப் பார்வையிடுவது நமது அலுவல். ரொக்கப் புத்தகம், சரக்கிருப்புப் பதிவேடு, அங்கத்தினர் பதிவேடு, தீர்மானப் புத்தகம் என ஒவ்வொன்றாகப் புரட்டி வருங்கால், சில செலவுச் சீட்டுகள் நம்மைச் சற்றே நிறுத்திவிடுவதுண்டு. தொகையில் பிழை இராது, ரசீது இருக்கும், நிர்வாகக் குழுவின் தீர்மானமும் முறைப்படி இருக்கும். ஆயினும், "இச்செலவினால் அங்கத்தினர் அடைந்த பயன் யாது?" என்னும் வினா மனத்தில் எழாமற் போகாது.

சென்னிமலை வட்டாரத்து நெசவாளர் சங்கமொன்றில் இத்தகைய சீட்டு ஒன்றைக் கண்டோம். அங்கத்தினர் சுற்றுலாவுக்காகப் பஸ் வாடகைக்கு அமர்த்திய செலவு அது. இரவு புறப்பட்டு, விடியற்காலையில் மலை நகரமொன்றை அடைந்து, மறுநாள் விடியும் முன்னர் ஊர் திரும்பினர் என்று காரியதரிசி விளக்கினார். அவ்வமயம் கூலி பெறுவதற்காக அங்கு வந்திருந்த முதிய நெசவாளர் ஒருவரும் அச்சுற்றுலாவிற் சென்றவரே. "பெரியவரே, அங்கே என்ன கண்டீர்கள்?" என்று வினவினோம். அவர் சிரித்துக்கொண்டு, "கூட்டத்தைக் கண்டோம் ஐயா, பஸ் நிறுத்த இடமில்லாமல் இரண்டு மணி நேரம் வண்டியிலேயே இருந்தோம். குளிருக்குப் போர்த்திக்கொள்ளப் போர்வை மட்டும் நம் தறிப் போர்வையாக இருந்தது, அது ஒரு திருப்தி" என்றார்.

"கொடுமணலைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டோம். "அது எங்கள் சம்பந்தி ஊருக்குப் போகிற வழிதானே! எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன். அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று நம்மையே திருப்பிக் கேட்டார்.

அவரைக் குறைகூற நாம் ஒருப்படோம். கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்ற நாமே, கடல் கடந்த பேரரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவர்களாயினும், இவ்வட்டாரத்திற்கு அலுவல் நிமித்தம் வரும்வரை கொடுமணல் எங்குள்ளது என்பதை அறியாதிருந்தோம். கற்றவர்க்கே இந்நிலை என்றால், விடிந்தது முதல் விளக்கு வைக்கும்வரை குழித்தறியில் கால் வைத்து அமர்ந்திருப்பவர் அறியவில்லை என்பதில் வியப்பென்ன?

சங்கங்கள் சுற்றுலா செல்வதே கூடாது என்பது நமது கருத்தன்று. தார் சுற்றியும் பாவு ஓட்டியும் வீட்டிற்குள்ளேயே நாட்களைக் கழிக்கும் பெண்மணிகள் ஆண்டுக்கு ஒரு நாளேனும் வெளியே சென்று காற்று வாங்கி வருவது அவசியம். தொலைவிலுள்ள மலையையும் கடலையும் காண விழைவது இயற்கையே. ஆனால், சங்கத்தின் பெயரால், சங்கத்தின் பொதுப்பணத்திற் செல்லும் பயணம் வெறும் பொழுதுபோக்காக முடிதல் தகாது. அங்கத்தினர் தம் தொழிலையும், தம் நிலத்தையும், தம் நீரையும் பற்றி முன்னிலும் நன்கு அறிந்து திரும்புவராயின், அதுவே கூட்டுறவுக் கல்வி. அத்தகைய கல்விக்குரிய இடங்கள் நமது வாசலிலேயே கிடக்கின்றன என்பதை எடுத்துக்காட்டவே இக்கட்டுரை.

சென்னிமலை முருகப்பெருமான் கோயிலுக்கு 1,320 படிகள் ஏறிச் செல்வோர் உச்சியில் நின்று சுற்றிலும் நோக்கினால், நாம் கூறப்போகும் இடங்கள் பலவும் இருக்கும் திசைகளைக் கைநீட்டிக் காட்டிவிடலாம். கந்தசஷ்டி கவசம் அரங்கேறிய தலம் என்று மரபு வழியாகப் போற்றப்படும் இம்மலைக்கு ஆயிரக்கணக்கானோர் வருகின்றனர். வந்தவர் வணங்கிவிட்டு இறங்கிவிடுகின்றனர். நாற்புறமும் பார்ப்போர் சிலரே.

மேற்கே நொய்யலாற்றின் வடகரையில் இருப்பது கொடுமணல். பதிற்றுப்பத்தில் கபிலர் பாடிய 67-ஆம் பாட்டும், அரிசில் கிழார் பாடிய 74-ஆம் பாட்டும் கொடுமணம் என்று குறிப்பது இவ்வூரையே என்பது அறிஞர் கொள்கை. 1985-ஆம் ஆண்டு முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தாரும், அவர்களுக்குப் பின் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையினரும் பிறரும் இங்கே பலமுறை அகழாய்வு செய்துள்ளனர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இவ்வூரில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும், பளிங்கு, சூதுபவளம், பெரில் முதலிய கற்களை அறுத்துத் துளையிட்டு மணிகளாக்கிய தொழிற்கூடங்களின் அடையாளங்களும் வெளிப்பட்டன. தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகள் நூற்றுக்கணக்கிற் கிடைத்தன. மன்னர் பெயரன்று, தம் பானையில் தம் பெயரைத் தாமே எழுதிக்கொண்ட சாதாரண மக்களின் பெயர்கள் அவற்றுள் காணப்படுகின்றன.

நெசவாளர்கள் கருத்தூன்ற வேண்டிய செய்தி வேறொன்றுண்டு. சுடுமண்ணாலான தக்களி வட்டுகள் பல இங்கே கிடைத்துள்ளன. பருத்தித் துணியின் சிறு துண்டொன்றும் கிடைத்தது. நம் வட்டாரத்தில் நூல் நூற்கும் தொழில் நேற்று வந்ததன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? இன்னும் ஒன்று: "நிகம" என்னும் சொல் பொறித்த ஓடொன்றும் இங்குக் கிடைத்தது. நிகமம் என்பது வணிகர் குழுவைக் குறிக்கும் சொல். அதனை இன்றைய கூட்டுறவுச் சங்கத்தோடு ஒன்றாக்கிப் பேசுவது பொருந்தாது. ஒருவருக்கு ஒரு வாக்கு என்னும் நமது நெறி அதற்கு இருந்ததென்று சொல்ல ஆதாரமில்லை. எனினும், தனித்தனியே நின்றால் சந்தையில் நிலைத்தல் அரிது என்பதை நொய்யற்கரையில் வாழ்ந்தோர் அன்றே உணர்ந்திருந்தனர் என்று கொள்ளுதல் தவறாகாது.

கொடுமணலில் இன்று சென்றால் என்ன தெரியும் என்று கேட்பீர்கள். உண்மையைக் கூறிவிடுகின்றோம்: அகழ்ந்த குழிகள் பல மூடப்பட்டுவிட்டன. வெட்டவெளியும், பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்களான கல்வட்டங்களும், ஆற்றங்கரையுமே தெரியும். விளக்கிச் சொல்வோர் இன்றிச் சென்றால், முதியவர் சொன்னதுபோல் அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லைதான். விளக்குவோர் உடன் வந்தால், அதே வெளி ஒரு பெரிய தொழில் நகரமாகக் கண்முன் நிற்கும். ஆகவே, பஸ்ஸுக்குப் பணம் ஒதுக்கும் சங்கம், விவரம் அறிந்த ஆசிரியர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லவும் ஏற்பாடு செய்தல் வேண்டும்.

அடுத்தது அறச்சலூர். அங்குள்ள குன்றின் பாறையில் இயற்கைக் குகைத்தளமொன்று உண்டு. அதில் வெட்டப்பட்டுள்ள கல்வெட்டைப் புலவர் செ. இராசு அவர்கள் 1960-ஆம் ஆண்டையொட்டிக் கண்டறிந்து உலகிற்கு அறிவித்தார்கள். தமிழி எழுத்து வட்டெழுத்தாக மாறிவரும் காலத்து வடிவத்தில், வரிக்கு ஐந்து எழுத்தாக ஐந்து வரிகளில் ஆடலுக்குரிய தாளச் சொற்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. இடமிருந்து வலமாகப் படித்தாலும், மேலிருந்து கீழாகப் படித்தாலும் அவை ஒன்றுபோலவே வரும். கட்டம் போட்ட போர்வைக்குப் பாவிலும் ஊடையிலும் ஒரே வண்ண வரிசையை அமைக்கும் நெசவாளருக்கு இந்த ஒழுங்கு விளங்குவதுபோல் வேறு எவருக்கும் விரைவில் விளங்காது என்பது நமது எண்ணம். எழுத்துகளை அமைத்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்பதும் அங்கேயே எழுதப்பட்டுள்ளது. வண்ணக்கன் என்பான் மணிகளையும் காசுகளையும் சோதித்து மதிப்பிடுபவன். மணி செய்த கொடுமணலுக்கு அண்மையில், மணியைச் சோதிப்பவன் ஒருவன் தாளம் அமைத்துக் கல்லில் எழுதினான் என்றால், உழைப்போர்க்குக் கலை அயலானதன்று என்பது தெளிவாகின்றது.

அறச்சலூரையடுத்த ஓடாநிலையில், ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடி 1805-ஆம் ஆண்டு சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையின் நினைவு மண்டபம் இருக்கின்றது. ஆடிப் பெருக்கன்று அங்கே கூட்டம் திரளுகின்றது; மற்ற நாட்களில் அமைதியாகச் சென்று வரலாம். சென்னிமலையிலோ, நெசவுக் குடும்பத்தில் 1904-ஆம் ஆண்டு பிறந்து, திருப்பூரில் நடந்த ஊர்வலத்தில் கொடியைக் கைவிடாமல் அடிபட்டு 1932 ஜனவரி 11-ஆம் நாள் உயிர்நீத்த குமரனின் நினைவு நம்மோடு கலந்திருக்கின்றது. அவ்வூரிலேயே நெசவாளர்களை ஒன்று திரட்டிக் கூட்டுறவு நெறியில் நிறுத்திய எம். பி. நாச்சிமுத்து அவர்களுக்கு 1983-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தறியிற் கிடந்தவர்கள் நாட்டின் வரலாற்றில் இடம் பெற்றிருக்கின்றனர் என்பதை நம் பிள்ளைகள் ஏட்டிற் படிப்பதோடு, இடத்தைக் கண்டும் அறிதல் வேண்டும்.

விவசாய அங்கத்தினர்க்கு உரியது வெள்ளோடு. சுமார் 77 ஹெக்டேர் பரப்புள்ள இவ்வேரி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022-ஆம் ஆண்டு முதல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களுள் ஒன்றாகவும் சேர்க்கப்பட்டுள்ளது. மழைக்குப் பின் கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நீர்க்காகம், வாத்தினங்கள் முதலியவற்றை இங்கே காணலாம். இவற்றினும் காணத்தக்கது, சுற்றிலுமுள்ள கிராமத்தாரின் ஒழுக்கம். பறவைகள் அஞ்சி ஓடிவிடும் என்பதற்காக, அவ்வூரார் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதைப் பல ஆண்டுகளாகவே தவிர்த்து வருகின்றனர். பட்டாசு கேட்டு அழாத பிள்ளை உண்டா? ஆயினும் ஊர் ஒன்றுபட்டு நிற்கின்றது. பொதுச்சொத்தைக் காப்பதற்கு ஒவ்வொருவரும் தம் இன்பத்திற் சிறிது விட்டுக்கொடுத்தலே கூட்டுறவின் அடிப்படை என்று நாம் வகுப்பெடுத்துச் சொல்வதை, வெள்ளோட்டார் செய்து காட்டுகின்றனர்.

பவானியாற்று நீரை அணையிட்டுத் திருப்பி, நொய்யல் வரையில் சுமார் 90 கிலோமீட்டர் கொண்டுவந்த காலிங்கராயன் வாய்க்காலைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வெட்டுவித்த காலிங்கராயனும் வெள்ளோட்டுப் பகுதியைச் சேர்ந்தவன் என்பர். இன்று ஈரோட்டு மஞ்சளின் புகழுக்கு இத்தகைய பாசனங்களே அடிப்படை. அம்மஞ்சளுக்கு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது என்று மகிழும் நாம், அதற்கு நீர் வந்த வழியையும் ஒருமுறை கண்டு வருதல் நன்றன்றோ?

இதுவரை கூறியவை மகிழ்ச்சியோடு காணத்தக்கவை. இனிக் கூறப்போவது அத்தகையதன்று. எனினும் அதனைப் பட்டியலினின்றும் நீக்குவோமாயின், நமது சுற்றுலா பொய்ச் சுற்றுலா ஆகிவிடும்.

நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1990-களின் தொடக்கத்தில் அணையொன்று கட்டி முடிக்கப்பட்டது. பாசனத்திற்கென்று கட்டிய அணை அது. ஆனால் மேலேயுள்ள திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளின் கழிவு ஆற்றில் கலந்து வந்து அங்கே தேங்கியது. வயலுக்கு நீர் தர வேண்டிய அணை, சுற்றுப்புறத்துக் கிணறுகளையும் நிலங்களையும் கெடுக்கும் தேக்கமாயிற்று. தண்ணீரைத் தேக்கிவைக்க வேண்டும் என்று அணை கேட்ட விவசாயிகளே, தேக்காமல் விட்டுவிடுங்கள் என்று மன்றாட நேர்ந்தது. வழக்குகள் நடந்தன. கழிவு நீரை வெளியே விடாத முறையைக் கைக்கொள்ளாத சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அதன் பின்னர்ச் சுத்திகரிப்பு முறைகள் வலுப்பெற்றன என்பது உண்மை. கெட்ட மண்ணும் கிணறும் ஆணை பிறந்த அன்றே திருந்திவிடுவதில்லை என்பதும் உண்மை.

இவ்வணையின் கரையில் நெசவாளரும் விவசாயியும் சேர்ந்து நிற்றல் வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்புவது. சங்கக் கூட்டங்களில் இருவரும் தனித்தனியே பேசக் கேட்டிருக்கின்றோம். "சாயத்தால் எங்கள் கிணறு போயிற்று" என்பார் ஒருவர். "சாயமின்றிப் போர்வை விற்குமா? எங்கள் கூலிக்கு வழி என்ன?" என்பார் மற்றவர். இரண்டும் மெய்யே. மெய்யான இரு குறைகள் தனித்தனிக் கூட்டங்களிற் பேசப்படும்வரை தீர்வு பிறப்பதில்லை. துணிக்கு நிறம் கொடுத்த நீர் எங்கே சென்றது என்பதை நெசவாளர் கண்ணாற் காணல் வேண்டும். அந்நிறத்தை நம்பி எத்தனை அடுப்புகள் எரிகின்றன என்பதை விவசாயி செவியாற் கேட்டல் வேண்டும். கொடுமணலில் உலையும் தக்களியும் வாழ்ந்தது இதே ஆற்றின் நீரால். அவ்வாற்றைப் பின்வருவோர்க்கு எந்நிலையில் விட்டுச் செல்கின்றோம் என்பது நம் இரு சாராரையும் சார்ந்த பொறுப்பு.

இத்திட்டத்திற்குக் கூறப்படும் தடைகளை நாம் அறிவோம். முதலாவது, நெசவாளர் தறியை விட்டு இறங்கினால் அன்றைய கூலி இல்லை என்பது. உண்மை. ஆனால் தொலைதூரப் பயணத்தில் இரு நாட் கூலி போகின்றது; இதிலோ ஒரு நாளே. இரண்டாவது, அருகிலிருப்பதற்குச் சங்கப் பணம் எதற்கு, அவரவர் சென்று வரலாமே என்பது. அவரவர் செல்லலாம், ஆனால் எழுபது ஆண்டுகளாக அங்கேயே வாழ்ந்த முதியவர் செல்லவில்லை என்பதை மேலே கண்டோம். அழைத்துச் செல்வோரும் விளக்கிச் சொல்வோரும் இன்றி அருகிலிருப்பது கண்ணிற் படுவதில்லை. மூன்றாவது, இளைஞர்கள் இதனை விரும்பார் என்பது. இளைஞர்கள் தறியை விட்டு வெளியேறி வருகின்றனர் என்று எல்லாச் சங்கங்களும் வருந்துகின்றன. தாம் விட்டுச் செல்லும் தொழிலின் வயது என்ன என்பதை யாரேனும் அவர்களுக்குக் காட்டியதுண்டா? அறிந்த பின்னும் செல்வோர் செல்லட்டும். அறியாமலே செல்லவிடுவது நமது குற்றம்.

ஆகவே, பின்வருமாறு செய்து பார்க்கலாம் என்பது நமது யோசனை. தீபாவளி விற்பனை முடிந்து, மஞ்சள் அறுவடை தொடங்காத மார்கழி மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுதல் நன்று. பறவைகளும் அப்பொழுது வந்திருக்கும். நெசவாளர் சங்கமும் அருகிலுள்ள விவசாயிகள் சங்கமும் சேர்ந்து ஒரே பஸ்ஸை அமர்த்தினால் செலவு பாதியாகும். துணைவிதிகள் இடந்தரும் அளவில் மகாசபையின் ஒப்புதலுடன் ஒரு பகுதியைச் சங்கமும், மறுபகுதியை அங்கத்தினரும் ஏற்கலாம். விடியலில் வெள்ளோடு, முற்பகலில் அறச்சலூரும் ஓடாநிலையும், நண்பகலில் சென்னிமலையில் உணவு, பிற்பகலில் கொடுமணல், மாலையில் ஒரத்துப்பாளையம். இரவு உணவுக்கு அவரவர் வீடு திரும்பிவிடலாம். தீர்த்தங்கரர் சந்திரப்பிரபரின் பழைய கோயிலும், பெருங்கதை பாடிய கொங்குவேளிரைப் பற்றிய மரபும் உடைய விஜயமங்கலத்தை அடுத்த ஆண்டிற்கு வைத்துக்கொள்ளலாம். பாறையிற் பெயர் கீறாமை, ஏரிக்கரையிற் கூச்சலிடாமை, கல்வட்டத்துக் கல்லை வீட்டுக்கு எடுத்துவாராமை, குப்பையை அங்கே விட்டுவாராமை ஆகிய நான்கையும் புறப்படுமுன் எல்லாரும் ஏற்றல் வேண்டும். படியேற இயலாத முதியோர்க்கும் கைக்குழந்தை உடைய தாய்மார்க்கும் முன்னிருக்கைகளை ஒதுக்குதல் மறவற்க.

திரும்பி வந்தபின் அடுத்த கூட்டத்தில், கண்டவற்றைப் பற்றி நெசவாளர் ஒருவரும் விவசாயி ஒருவரும் பத்து நிமிடம் பேசட்டும். அவர்கள் சொல்வதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவைக்கலாம். அடுத்த ஆண்டு ஆய்வுக்கு வரும்போது ரசீதோடு அப்பக்கத்தையும் நாம் கேட்டு வாங்கிப் படிப்போம்.

நாம் குறிப்பிட்ட முதியவரிடம் இவற்றையெல்லாம் சுருக்கமாகச் சொன்னோம். கூலிப் பணத்தை எண்ணி மடியிற் கட்டிக்கொண்டே கேட்டவர், "அந்தத் துணித்துண்டு என்ன நூல் ஐயா? நெருக்கமான நெசவா?" என்று வினவினார். அதற்கு விடை கூற நம்மால் இயலவில்லை. தொழிலறிந்தவர் கேட்கும் கேள்வி அது. அத்தகைய கேள்விகளைக் கேட்கத் தெரிந்தவர்கள் அங்கே செல்லாதிருத்தல் ஆகாது. சங்கங்களின் நிர்வாகிகள் இதனை எண்ணிப் பார்க்குமாறு வேண்டுகின்றோம்.